தவிட்டில் மறைந்த உயிர்ச்சத்து

உணவு உயிரைக் காப்பது. அஃது உடலை வளர்ப்பதோடு, நோய் அணுகாவாறு தடுக்கும் அரணாகவும் நிற்கின்றது. வயிறார உண்பவன் நலமாக வாழ்வான் என்பதே மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த கருத்து. ஆயினும், நாள்தோறும் வயிறார உண்டவர்களே அவ்வுணவின் குறையால் கைகால் ஓய்ந்து, மூச்சுத் திணறி மாண்ட காலமும் ஒன்று இருந்தது. அவர்கள் உண்டது நஞ்சு கலந்த உணவன்று; அழுகிய உணவுமன்று; முத்துப்போல வெளுத்த அரிசிச் சோறேயாகும். அச்சோற்றில் இருந்த குறை யாது என்பதை அறிஞர் முற்றும் கண்டறிய அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. அவ்வரலாறு அறிதற்கு இனியது; அடுக்களையில் நாள்தோறும் நினைக்கத்தக்கது.

நெல்லும் அரிசியும்

நெல்மணியின் மேற்புறத்தை மூடியிருப்பது உமி. அதனை நீக்கினால், பழுப்பு நிறமோ செந்நிறமோ கொண்ட மெல்லிய தோல் போர்த்த அரிசி காணப்படும். அத்தோலும், மணியின் நுனியில் உள்ள சிறிய முளைக்கருவும் தேய்ந்து பொடியாகும்போது அதனைத் தவிடு என்பர். உரலில் இட்டு உலக்கையாற் குத்தி, முறத்தாற் புடைத்து அரிசி எடுத்த காலத்தில் உமி நீங்கிற்று. தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழ்த்திசை நாடுகளிற் பரவின. அவை உமியோடு தவிட்டையும் முற்ற நீக்கி, அரிசியைப் பளபளப்பாகத் தீட்டித் தந்தன. அவ்வரிசி கண்ணுக்கு அழகாக இருந்தது, விரைவில் வெந்தது. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருத்தலால், தவிடு நீங்காத அரிசி நாட்படின் சிக்கு வாடை கொள்ளும். தீட்டிய அரிசிக்கோ அக்குறை இல்லை. ஆதலின், பல மாதங்களுக்கு வேண்டிய உணவைச் சேமித்து வைக்கவேண்டிய கப்பல்களும், படைவீடுகளும், சிறைச்சாலைகளும், சுரங்கங்களும் தீட்டிய அரிசியையே விரும்பி வாங்கின. தவிடோ மாட்டிற்கும் கோழிக்கும் தீனியாயிற்று.

நோயின் கொடுமை

இவ்வரிசி சென்ற இடங்களில் எல்லாம் ஒரு நோயும் பெருகிற்று. அதற்குப் பெரிபெரி என்பது பெயர். தளர்ச்சி என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். நோயுற்றவனுக்கு முதலிற் கால்கள் கனக்கும், பாதம் மரத்துப்போகும். குந்தி இருந்தவன் எழ முயன்றால் எழ இயலாது தடுமாறுவான். சிலருக்குக் கால்கள் வீங்கும்; விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் மாறாது நிற்கும். இறுதியில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் பிரியும். வயல் உழவேண்டியவனும், கப்பல் ஓட்டவேண்டியவனும், குடும்பத்தைத் தாங்கவேண்டியவனும் நல்ல இளமையிலேயே இந்நோய்க்கு இரையாயினர். தாயின் பாலில் இக்குறை இருப்பின், அப்பாலை உண்ட பச்சிளங் குழந்தையும் திடீரென மூச்சுத் திணறி இறந்தது.

ஜப்பானியக் கப்பற்படை

ஜப்பான் நாட்டில் இந்நோயைக் கக்கே என வழங்கினர். அந்நாட்டுக் கப்பற்படை மருத்துவர் தக்காகி கனெஹிரோ என்பவர் இலண்டனிற் கல்வி பயின்று 1880-இல் நாடு திரும்பினார். மாலுமிகளின் உணவை அவர் கூர்ந்து நோக்கினார். வெள்ளரிசிச் சோற்றை மிகுதியாக உண்பவரே மிகுதியாக நோயுறுகின்றனர் என்பது அவருக்குப் புலப்பட்டது. 1882-ஆம் ஆண்டு இறுதியில் நெடும்பயணம் புறப்பட்ட ரியூஜோ என்னும் கப்பலில் 376 பேர் இருந்தனர். அவர்களுள் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர்.

1884-இல் அதே வழியில் சுகுபா என்னும் மற்றொரு கப்பல் செலுத்தப்பட்டது. இம்முறை தக்காகியின் வேண்டுகோளின்படி அரிசியைக் குறைத்து, வாற்கோதுமையும் இறைச்சியும் காய்கறியும் கூட்டி வழங்கினர். கப்பல் திரும்பியபோது நோயுற்றவர் சிலரே. இறந்தவர் ஒருவரும் இலர். அதன்பின் கப்பற்படை முழுவதிலும் உணவு மாற்றப்பட்டது, நோயும் மறைந்தது.

ஆயினும், தக்காகி காட்டிய வழி சரியாக இருந்ததேயன்றி, அவர் கூறிய காரணம் சரியன்று. இறைச்சி முதலியவற்றில் உள்ள புரதம் குறைந்ததே நோய்க்குக் காரணம் என அவர் எண்ணினார். காரணம் ஐயத்திற்கு இடமாக இருந்தமையால், தரைப்படை மருத்துவர் அவர் வழியை ஏற்க மறுத்தனர். அதன் பயன் கொடியதாயிற்று. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் உருசியாவோடு நிகழ்ந்த போரில், ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர் பெரிபெரியால் வீழ்ந்தனர். கண்ணெதிரே பலித்த மருந்தினையும், காரணம் விளங்காதவரை உலகம் எளிதில் ஏற்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சாவகத் தீவில் ஓர் ஆய்வுக்கூடம்

பண்டைத் தமிழ் நூல்களிற் சாவகம் என வழங்கப்பெறும் ஜாவாத் தீவு அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. சுமத்திராத் தீவின் ஆச்சே நாட்டில் அவர்கள் நடத்திய போரில், பகைவரது படைக்கலத்தினும் பெரிபெரியே அவர்தம் வீரரை மிகுதியாக வருத்திற்று. ஆகவே, 1886-இல் ஒல்லாந்து அரசு பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரண்டு அறிஞரை ஜாவாவிற்கு அனுப்பிற்று. அவர்களுக்குத் துணையாகச் சென்றவர் கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் இளைய மருத்துவர்.

எய்க்மன் பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்திற் பயின்றவர். காக் காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை 1882-இல் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றிருந்தார். நோய் என்றால் அதற்கு ஒரு நுண்ணுயிர் காரணமாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை அக்கால அறிஞர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. பெரிபெரிக்கும் அத்தகைய நுண்ணுயிர் ஒன்று உண்டென்றே மூவரும் நம்பினர். மற்ற இருவரும் தாயகம் திரும்பியபின், 1888-இல் எய்க்மன் பட்டேவியாப் படை மருத்துவமனையில் அமைந்த ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். இன்று ஜகார்த்தா என வழங்கும் நகரமே அன்றைய பட்டேவியா.

கோழிகள் காட்டிய வழி

எய்க்மன் ஆய்வுக்காகக் கோழிகளை வளர்த்தார். நோயாளியின் குருதியைச் சில கோழிகளுக்குச் செலுத்தினார். சிலவற்றை ஒன்றும் செய்யாது விட்டுவைத்தார். ஒரு நாள் கோழிகள் கால் மடங்கித் தள்ளாடத் தொடங்கின. பெரிபெரி நோயாளியைப் போலவே அவை நிற்கமாட்டாது சாய்ந்தன. குருதி செலுத்தப்பெற்ற கோழிகள் மட்டும் நோயுற்றிருப்பின், எய்க்மன் தம் கொள்கை மெய்யாயிற்று என மகிழ்ந்திருப்பார். ஆனால், ஒன்றும் செய்யப்பெறாத கோழிகளும் ஒருங்கே நோயுற்றன. அவற்றைத் தனியே பிரித்து வைத்தும் பயனில்லை. பின்னர், நவம்பர் மாத இறுதியில், எவ்வித மருந்தும் இன்றிக் கோழிகள் தாமே நலமுற்று எழுந்து நடந்தன.

இதனைத் தற்செயல் எனத் தள்ளிவிடாது எய்க்மன் வினவத் தொடங்கினார். கோழிகளின் தீனி மாறியதா என்று கேட்டார். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. கோழிகளைக் காத்த பணியாள், செலவைக் குறைக்கும் பொருட்டு, மருத்துவமனை அடுக்களையில் எஞ்சிய சோற்றை வாங்கிவந்து அவற்றிற்கு இட்டுவந்தான். அது நோயாளிகளுக்காக வடித்த, நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோறு. ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை அச்சோறு இடப்பட்டது. ஜூலை 10-ஆம் நாள் நோய் தோன்றிற்று. பின்னர் அடுக்களைக்குப் புதிய சமையற்காரன் ஒருவன் வந்தான். படைக்குரிய அரிசியைப் படையைச் சாராத கோழிகளுக்குத் தருதல் முறையன்று என அவன் மறுத்துவிட்டான். ஆகவே, பணியாள் முன்போலத் தவிடு நீங்காத மலிவான அரிசியை இட்டான், கோழிகள் பிழைத்தன. விதி வழுவாத அச்சமையற்காரன், தான் மருத்துவ வரலாற்றில் ஒரு பெருந்திருப்பத்தை உண்டாக்கியதைக் கனவிலும் அறிந்திருக்கமாட்டான்.

எய்க்மன் பலமுறை சோதித்துப் பார்த்தார். தீட்டிய அரிசியை இட்டால் கோழிகள் சில வாரங்களில் விழுந்தன. தவிட்டைக் கூட்டினால் எழுந்தன.

சிறைச்சாலைகள் கூறிய சான்று

கோழிக்கு உற்றது மனிதர்க்கும் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. எய்க்மனின் நண்பரும் ஜாவாவின் சிறைச்சாலைகளைப் பார்வையிடும் மருத்துவருமான போர்டர்மன் என்பவர் அவ்வினாவிற்கு விடை தேடினார். அத்தீவில் சில சிறைகளில் தீட்டிய அரிசியும், சில சிறைகளில் தவிடு நீங்காத அரிசியும் அவ்வவ்வூர் வழக்கப்படி வழங்கப்பட்டன. அவர் 101 சிறைச்சாலைகளில் இருந்த ஏறத்தாழ 2,80,000 கைதிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். தவிடு நீங்காத அரிசி உண்டவருள் 10,000 பேரில் ஒருவர்க்கே நோய் கண்டது. தீட்டிய அரிசி உண்டவருள் 39 பேரில் ஒருவர் நோயுற்றார். கட்டடம் பழையதா புதியதா, காற்றோட்டம் உண்டா இல்லையா என்பனவற்றையும் அவர் ஆராய்ந்தார். அவற்றால் வேறுபாடு ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. வேறுபாடு சோற்றிலேயே இருந்தது.

இல்லாமையும் ஒரு காரணம்

இவ்வளவு தெளிந்தும், எய்க்மன் உண்மையின் வாயிலில் நின்றாரேயன்றி உட்புகவில்லை. அரிசியின் மாவுப்பொருளில் ஒரு நஞ்சு உண்டு. தவிடு அந்நஞ்சை முறிக்கின்றது என்றே அவர் விளக்கம் கூறினார். நோய்க்குக் காரணமாக ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும் என்னும் எண்ணம் அவரை விடவில்லை.

உடல்நலம் குன்றி 1896-இல் அவர் தாயகம் சென்றபின், கெரிட் கிரையின்ஸ் என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார். கிரையின்ஸ் மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியைக் கோழிகளுக்கு இட்டார். அரிசி சிறிதும் உண்ணாத அக்கோழிகளும் அதே நோயை அடைந்தன. அரிசியில் உள்ள நஞ்சே காரணம் எனின், அரிசி உண்ணாத கோழி நோயுற்றது எவ்வாறு? பச்சைப்பயற்றைத் தீனியோடு சேர்த்தபோது நோய் நீங்கியதையும் அவர் கண்டார். ஆகவே, நோய்க்குக் காரணம் உணவில் இருக்கும் ஒரு நஞ்சு அன்று. உணவில் இருக்கவேண்டிய ஒரு பொருள் இல்லாமையே என்று 1901-இல் அவர் எழுதினார். அப்பொருள் தவிட்டிலும் பயற்றிலும் மிகச் சிறிய அளவில் உள்ளது. அது வெப்பத்தாற் கெடும். அஃதின்றி நரம்புகள் நலமாயிரா என்பது அவர் கண்ட முடிவு.

கேட்பதற்கு எளியதாகத் தோன்றும் இக்கருத்து, காண்பதற்கு மிக அரியதாக இருந்தது. இருக்கும் பொருளைத் தேடுவது எளிது. இல்லாத பொருளைத் தேடுவது எங்ஙனம்? உண்டவன் வயிற்றில் சோறு நிறைந்திருந்தது. ஆராய்வோர் கண்ணுக்கு அந்நிறைவே தெரிந்தது. நிறைவுக்கு உள்ளே ஒரு குறை இருத்தல் கூடும் என எண்ணிப் பார்த்ததே கிரையின்ஸின் பெருமை.

புழுங்கலரிசியின் காப்பு

மலேயா நாட்டில் பணிபுரிந்த பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் மற்றொரு புதுமையைக் கண்டார். அங்கே சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் வருந்தினர். தோட்டங்களில் உழைத்த தமிழரோ அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். இரு திறத்தாரும் சோறு உண்பவரே. வறுமையும் இருவர்க்கும் பொதுவே. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இஃது ஒன்றே வேறுபாடு.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு வெள்ளைப் பச்சரிசியும், மற்றொரு பகுதியார்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டவருள் பலர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தம் விருப்பம் இன்னதெனக் கூற இயலாத எளியோர் உயிரைக் கொடுத்து இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தினர் என்பதை மறத்தலாகாது. உரியவரின் ஒப்புதல் பெறாது அத்தகைய சோதனை செய்தல் இன்று குற்றமாகும்.

புழுங்கலரிசி காத்தது எவ்வாறு? நெல்லை நீரில் ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள சத்து நீரிற் கரைந்து மணியின் உள்ளே ஊடுருவிச் செல்கின்றது. பின்னர் நெல்லை உலர்த்தித் தீட்டித் தவிட்டை நீக்கினும், உட்புகுந்த சத்து பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகின்றது. அவித்த நெல்லில் உமி எளிதாக நீங்கும். அரிசி நொறுங்காது என்பதற்காகவே முன்னோர் நெல்லை அவித்தனர். அவ்வழக்கத்துள் ஓர் உயிர்க்காப்பும் அடங்கியிருந்தது. இந்தியாவிலும், தீட்டிய பச்சரிசியை மிகுதியாக உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலவிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அஃது அரிதாக இருந்தது. எனினும், காரணம் அறியாத வழக்கம் அதனைக் கைக்கொண்டவரை மட்டுமே காக்கும். காரணம் அறிந்த பின்னரே அது பிறர்க்கும் பயன்படும்.

தவிட்டிலிருந்து மருந்து

1912-இல் இலண்டனில் ஆராய்ந்த காசிமிர் பங்க் என்னும் போலந்து நாட்டறிஞர், உயிர் வாழ்வுக்கு இன்றியமையாத இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பெயரிட்டார். தமிழில் அவற்றை உயிர்ச்சத்து என்பர். பெரிபெரியைத் தடுக்கும் சத்து பின்னர் ‘பி1’ எனக் குறிக்கப்பட்டது. தயமின் என்பது அதன் வேதியியற் பெயர். 1926-இல் பட்டேவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர், மூட்டை மூட்டையான தவிட்டை வடித்து வடித்து, ஒரு சிட்டிகைக்கும் குறைந்த அளவில் அச்சத்தைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எய்க்மன் தேடிச்சென்ற விடை அதே நகரில் கைக்கெட்டியது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞரும் அப்பரிசிற் பங்கு பெற்றார். நோயுற்றிருந்த எய்க்மன் பரிசு பெற நேரிற் செல்ல இயலவில்லை; அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

இச்சத்தை ஆலையிற் செய்யும் வழியைக் கண்டவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலறிஞர். அவர் 1886-இல், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரிற் பிறந்தவர். 1910-இல் அவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் பணிபுரிந்தபோது, பெரிபெரியால் உயிர் ஊசலாடிய குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாற்றைத் துளித்துளியாகப் புகட்டுவதையும், அவை விரைவில் தேறுவதையும் கண்டார். அச்சாற்றில் இருப்பது யாது என அறியும் வேட்கை அன்று அவருள்ளத்தில் மூண்டது. பின்னர்த் தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றியபோதும், ஓய்வு நேரத்தை எல்லாம் தவிட்டு ஆராய்ச்சிக்கே அளித்தார். இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின், 1936-இல் தயமினைச் செயற்கையாகச் செய்யும் முறையை உலகிற்கு அறிவித்தார். அதன்பின் அம்மருந்து மலிவாகக் கிடைத்தது. பல நாடுகளில் கோதுமை மாவிலும் ரொட்டியிலும் அச்சத்தைச் சேர்க்கலாயினர்.

அடுக்களைக்கு வந்த அறிவு

வளர்ந்த ஒருவர்க்கு நாள் ஒன்றிற்கு வேண்டிய தயமின் ஒரு மில்லிகிராமிற்குச் சற்று மிகுதியேயாகும். ஒரு கிராமை ஆயிரங் கூறிட்டால் அதில் ஒரு கூறே ஒரு மில்லிகிராம். உண்ட மாவுப்பொருள் உடலில் ஆற்றலாக மாறுவதற்கு இச்சிறு பொருள் துணைபுரிகின்றது. அஃதில்லையேல், விறகு நிறைந்தும் தீயில்லாத அடுப்பைப் போல, வயிறு நிறைந்தும் உடல் ஓய்ந்துவிடும். உடல் இச்சத்தை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை; சில வாரங்களிலேயே அது தீர்ந்துபோகும்.

ஆதலின், இவ்வரலாறு ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. அரிசியைப் பலமுறை அழுத்திக் கழுவினால் இச்சத்து கழுநீரோடு போய்விடும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால், எஞ்சிய சத்திலும் ஒரு பகுதி அதனோடு செல்லும். கழுவுவதை அளவோடு செய்தலும், கஞ்சியை வீணாக்காது உணவிற் சேர்த்தலும், புழுங்கலரிசியையோ மிகுதியாகத் தீட்டாத அரிசியையோ உண்ணுதலும், பருப்பும் பயறும் நிலக்கடலையும் கூட்டிக்கொள்ளுதலும் பொருட்செலவு மிகாத காப்புகளாகும்.

கப்பலிற் சென்ற மாலுமியும், சிறையில் வாடிய கைதியும், தாய்மடியில் கிடந்த குழந்தையும் எதனால் இறந்தனர் என்பது ஒருவர் அறிவால் விளங்கியதன்று. தக்காகி வழி கண்டார். எய்க்மன் வினா எழுப்பினார். கிரையின்ஸ் விடை பகர்ந்தார். வில்லியம்ஸ் அதனை மருந்தாக்கினார். தாம் எதிர்பார்த்தது பொய்த்தபோது, கோழிகளைக் குறைகூறாது, தம் எண்ணத்தை ஐயுற்று மீண்டும் ஆராய்ந்த மனநிலையே அவ்வறிவின் தொடக்கம். வெண்மையாக இருப்பதெல்லாம் தூயது எனவும், புடைத்துத் தள்ளுவதெல்லாம் பயனற்றது எனவும் கொள்ளுதல் எளிது. தள்ளியதையும் ஒருமுறை கையில் எடுத்து நோக்கியவர்களாலேயே இன்று பல இலட்சம் மக்கள் நலமாக வாழ்கின்றனர்.